காமாலைத் திரை

லேப்டாப் கெட்டுப்போகவில்லை, தொல்லையே அதுதான். ஒரு நாள் காலையில் திறந்ததும் கன்னங்கரேலென்று கிடந்திருந்தால், உஷா மறுபேச்சில்லாமல் வேறொன்று வாங்கியிருப்பாள். அதுவோ எட்டு வருடமாக, தட்டினவுடன் எழுந்து சொன்ன வேலையைச் செய்தது. வெளிச்சம் மட்டும் சிறுகச் சிறுக இறங்கியது. வெள்ளையெல்லாம் முதலில் வெண்ணெய் நிறமானது, பிறகு உருக்கின நெய் நிறமானது. கூடவே இருக்கிறவனுடைய தலை எப்போது நரைத்தது என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? அப்படித்தான் இதுவும்.

சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பட்டன் ஒன்று கழன்றதென்று கொண்டுபோனபோது, ரிப்பேர்க்கடை வசீகரன் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"அக்கா, ஸ்கிரீனும் கிழண்டிட்டுது. பின்னால எரியிற லைட் மங்க மங்க நிறம் மாறும். அஞ்சாறு வருசத்துக்கு மேல எல்லாத்துக்கும் வாறதுதான். நிறம் பாத்து வேலை செய்யிற ஆளெண்டா இப்பவே மாத்துங்கோ."

"படம் வருகுதெல்லோ?" என்றார் உஷாவின் கணவர் தியாகலிங்கம்.

"வருகுது அண்ணை."

"பிறகென்ன? வராத அண்டைக்குக் கொண்டு வாறம்."

தியாகலிங்கத்துக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், ஈஸ்ட் டாமாக்கியில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அவர் நிற்கிற வெட்டு மெஷின் அவருடைய மகளுக்கு மூத்தது. ஓடுகிற ஒன்றை மாற்றுவது அவருக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டுகிற மாதிரி. உஷாவும் அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை. வரும் வழியில் அவர், "கொம்பியூட்டருக்கும் காமாலை வருமாமே!" என்று சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அகில் தியாகலிங்கத்துக்கு போன் செய்தான். அதே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற பகுதியில் வேலை செய்கிறவன். தருமபுரிப் பக்கத்துப் பையன். மனைவி ஸ்வர்ணாவுக்குப் பிள்ளை பிறந்து நாலு நாள். தலைப்பிள்ளை. மனுரேவாவில், ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஒத்தாசைக்கு வர இந்த நாட்டில் அவர்களுக்கு ஒரு சொந்தம் கிடையாது.

"அண்ணே, அக்கா இருக்காங்களா? பையனைக் கொஞ்சம் பாக்கச் சொல்லணும்."

உஷா ஒரு டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பல வருடம் பச்சைக் குழந்தைகளின் வார்டில் நின்றவள். ஆக்லாந்தில் தமிழ்ப் பெண்கள் பலரிடம் அவளுடைய நம்பர் இருந்தது. அவளுக்கும் அதில் ஒரு பெருமை, இல்லையென்று சொல்லமுடியாது. போன் திரையில் பிள்ளை பெருவிரல் அளவுதான் தெரியும் என்று சொல்லி, இப்படிப்பட்ட அழைப்புகளை எப்போதும் லேப்டாப்பில்தான் எடுப்பாள். இதையும் அதில்தான் எடுத்தாள்.

"என்ன தம்பி, பிள்ளைக்கு என்ன?"

"தூங்கிட்டே இருக்கான் அக்கா. பால் குடிக்க மாட்டேங்குறான். வாயில வச்சா ரெண்டு இழுப்பு, அவ்வளவுதான், மறுபடி தூக்கம்."

பக்கத்திலிருந்து ஸ்வர்ணாவின் குரல் வந்தது. "தொந்தரவே குடுக்காத தங்கப் புள்ளைன்னு இவரு பீத்திக்கிறாரு அக்கா. எனக்குத்தான் பயமா இருக்கு."

"கக்கா போனவரோ?"

"நேத்துப் போனான். இன்னிக்கு இன்னும் போகல."

"மிட்வைஃப் வந்தவவோ?"

"முந்தாநாளு வந்தாங்க. எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. இனிமே திங்கக்கிழமைதான்."

"சரி. பிள்ளையை ஜன்னல் பக்கம் கொண்டு வாங்கோ. சட்டையைக் கழட்டுங்கோ. நெஞ்சில விரலால ஒருக்கா அமத்திப்போட்டு எடுங்கோ, பாப்பம்."

அட்டை கிழித்துக் காய்த்துப்போன விரல் ஒன்று அந்தச் சிறு நெஞ்சில் பதிந்து விலகியது. அழுத்தின இடம் மஞ்சளாகத் தெரிந்தது. உஷா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். மஞ்சள்தான். ஆனால் அகிலின் நகமும் மஞ்சள். பின்னாலிருந்த சுவரும் மஞ்சள். திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் தெரிந்த அவளுடைய சொந்த வெள்ளைச் சட்டையும் மஞ்சள். இந்தத் திரையில் எதைப் பார்த்தாலும் கொஞ்சம் மஞ்சளைக் கழித்துவிட்டுப் பார்க்கக் கண் பழகியிருந்தது. அன்றைக்கும் கழித்தது. கணக்கு சரியாக வந்தது போலவே இருந்தது.

"லேசா இருக்கு. பிறந்த பிள்ளையளுக்கு வாறதுதான். இடைக்கிட எழுப்பிப் பால் குடுங்கோ."

"ஆஸ்பத்திரிக்கு எதும் தூக்கிட்டுப் போகணுமா அக்கா?"

"சீச்சீ, தேவையில்லை. திங்கக்கிழமை மிட்வைஃப் பாப்பா. நீங்கள் கொஞ்சம் படுத்தெழும்புங்கோ தம்பி, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு."

அவன் சிரித்தான். ஸ்வர்ணா சிரிக்கவில்லை. உஷா திரையை மூடினாள்.

தேத்தண்ணி ஊற்றி இருவரும் குடித்து முடிக்கிற நேரத்தில் தியாகலிங்கத்தின் போன் சிணுங்கியது. அகில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கீழே, 'அக்காவுக்கு நன்றி சொல்லுங்கண்ணே' என்று ஒரு வரி. தியாகலிங்கம் படத்தை விரலால் விரித்துப் பார்த்தார். அவருடைய போன் புதியது. மகள் கஜானி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

"இதென்னப்பா," என்றார், "இவையள் பிள்ளைக்கு மஞ்சள் பூசினவையோ?"

"என்ன பூசினவை?"

"மஞ்சள். பாருமன்."

உஷா பார்த்தாள். பிள்ளையைச் சுற்றியிருந்த துணி வெள்ளைவெளேரென்று இருந்தது. அதற்குள்ளிருந்த முகம் பழுத்து விழுகிற பூவரசம் இலையின் நிறம். ஒரு கண் அரைகுறையாகத் திறந்திருந்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை.

அவள் லேப்டாப்பைத் திறந்து வெறும் பக்கமொன்றை எடுத்து, பக்கத்தில் போனைப் பிடித்தாள். போனில் துணி பால் மாதிரி. லேப்டாப்பில் வெறும் பக்கமோ பழைய பேப்பர் மாதிரி. பாழாய்ப்போன திரை கூட்டின மஞ்சளைக் கழிக்கப் போய், பிள்ளையின் மஞ்சளையும் சேர்த்துக் கழித்திருக்கிறாள்.

உறங்கி உறங்கிப் பால் குடிக்காத பிள்ளை, கண் மஞ்சள், நாலாம் நாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரத்தத்தில் இந்த மஞ்சள் ஏறிக்கொண்டே போனால் மூளைக்குப் போகும். போனால் திரும்பாது. தலைமாட்டில் மணி அடித்தாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளை அவள் அந்த வார்டில் தூக்கியிருக்கிறாள். திங்கட்கிழமை வரைக்கும் இருக்கச் சொன்னவள் அவள்தான்.

அகிலின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. படுத்தெழும்பச் சொன்னது அவள், படுத்திருப்பான். மறுபடியும் அடித்தாள். மூன்றாம் முறை ஸ்வர்ணா எடுத்தாள்.

உஷா குரலைச் சமப்படுத்திக்கொண்டாள். பச்சை உடம்புக்காரி, பதறவிட்டால் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். வார்டில் கற்ற பழக்கம் அது.

"தங்கச்சி, பயப்பட ஒண்டுமில்லை. பிள்ளையைக் கெதியா வெளிக்கிடுத்துங்கோ."

"என்னக்கா?"

"வெளிக்கிடுத்துங்கோ, பிள்ளையை. இப்பவே. மினக்கெடாதேங்கோ."

"சரிக்கா. முயற்சி பண்ணிப் பாக்குறோம்."

"வெளிக்கிட்டவுடன எனக்கொரு மெசேஜ் போடுங்கோ. நான் அங்க சொல்லி வைக்கிறன்."

"சரிக்கா. அவரை எழுப்புறேன்."

முயற்சி பண்ணுகிறோம் என்றது உஷாவுக்குக் கொஞ்சம் நெருடியது. கார் ஸ்டார்ட் ஆவதில் ஏதும் சிக்கலாக்கும் என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் அவசரப் பிரிவில் வேலை செய்யும் வைஷாலிக்கு போன் போட்டாள். முன்பு உஷாவின் கிளினிக்கில் வேலை செய்த பெண். "வரட்டும் அக்கா, வந்ததும் ரத்தம் எடுத்துடலாம்," என்றாள் வைஷாலி. கொஞ்ச நேரத்தில் அகிலிடமிருந்து மெசேஜும் வந்தது.

'போயாச்சு அக்கா.'

உஷா கதிரையில் சாய்ந்து மூச்சு விட்டாள். மனுரேவாவிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான். சனிக்கிழமை நெரிசல் என்றாலும் எட்டிவிடலாம். தியாகலிங்கம் கோப்பைகளைக் கழுவினார். கழுவினதையே மறுபடி கழுவினார்.

பிறகு வைஷாலியே கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தக் குழந்தை எங்க? இன்னும் வரலையே."

"வெளிக்கிட்டு எவ்வளவு நேரம்! வடிவாப் பாத்தனியோ?"

"நான் வாசல்லயேதான் அக்கா நிக்கிறேன்."

வழியில் என்ன நடந்திருக்கும்? உஷாவின் மனம் போகாத இடமில்லை. கார் எங்கேயாவது மோதிக் கிடக்கிறதா? பின்சீட்டில் பிள்ளை மூச்சடங்கி… அவள் அகிலை அழைத்தாள். இந்த முறை உடனே எடுத்தான். பின்னணியில் வண்டிச் சத்தம் இல்லை. எங்கேயோ குக்கர் விசில் கேட்டது.

"தம்பி, எங்க நிக்கிறியள்?"

"நிக்கலக்கா, உக்காந்துதான் இருக்கேன். வீட்லதான்."

"வீட்டிலயோ! வெளிக்கிட்டதெண்டு மெசேஜ் போட்டியள்?"

"ஆமாக்கா, வெளிக்கி போயிட்டான். ஸ்வர்ணா வயித்தை நீவி விட்டா, காலை மடக்கி மடக்கி விட்டா, ஒரு வழியா போயிட்டான். கொஞ்சமாத்தான் போனான். நீங்க மிட்வைஃப்கிட்ட சொல்லிட்டீங்களா?"

உஷாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்ன சொல்லுறார் இவர்?" என்று கணவரைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தியாகலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். தருமபுரி, சேலத்துப் பையன்களோடு பல வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர் அவர்.

"ஐயோ உஷா! உவையின்ர ஊரில வெளிக்கி எண்டால் கக்கூசுக்குப் போறது! நாங்கள் வெளிக்கிடுறதெண்டு சொல்லுறதை உவை கிளம்புறது எண்டுதான் சொல்லுவினம்!"

கக்கா போனதா என்று கேட்டதும் அவள்; பிறகு வெளிக்கிடுத்தச் சொன்னதும் அவள். அந்தப் பிள்ளைகள் வேறெதை நினைப்பார்கள்? இரண்டு பக்கமும் தமிழ்தான். நடுவில் ஒரு பச்சைக் குழந்தையின் உயிர் கிடந்தது.

"அகில்." அவள் குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது. "பிள்ளை என்ன செய்யிறார்?"

"தூங்குறான் அக்கா."

"உள்ளங்காலில சுண்டுங்கோ. நல்லாச் சுண்டுங்கோ."

சத்தமில்லை. பிறகு ஸ்வர்ணா என்னவோ சொல்வது கேட்டது. அகிலின் குரல் இறங்கிவிட்டது. "முனகுறான் அக்கா. அழ மாட்டேங்குறான்."

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. விளங்குதா? ஹாஸ்பிடல். கிளம்புங்க அகில், கிளம்புங்க!"

தன் வாயில் ஒருநாளும் வராத அந்தக் 'கிளம்புங்க'வை உஷா கத்தினாள். அடுப்பை அணைக்காமலே அவர்கள் ஓடியது கேட்டது. குக்கர் இன்னொரு விசில் அடித்தது. "அடுப்பு! அடுப்பு!" என்று தியாகலிங்கம் போனுக்குள் கத்தினார். திரும்பி ஓடிய காலடி, கதவு அடைபடும் சத்தம், கார் உறுமல். "அக்கா, கட் பண்ணாதீங்க," என்றாள் ஸ்வர்ணா. "மூச்சு வருதானு பாத்துட்டே இருக்கேன். வருது. வருது அக்கா." அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வைஷாலியின் குரல் கேட்கும்வரை உஷா போனை வைக்கவில்லை. அதற்குள் மவுண்ட் ஆல்பர்ட்டிலுள்ள தங்கள் வீட்டிலிருந்து அவளும் தியாகலிங்கமும் காரில் ஏறியிருந்தார்கள்.

மோட்டர்வேயில் தியாகலிங்கம் மெதுவாக வாயைத் திறந்தார். "உந்தப் பாழ்பட்ட ஸ்கிரீன்…"

"ஸ்கிரீனில பழி போடாதேங்கோ. வசீகரன் அண்டைக்கே சொன்னவன்."

"படம் வந்துகொண்டுதானே இருந்தது."

"உங்கட மெஷினில பிளேடை எப்ப மாத்திறியள்? முறிஞ்ச பிறகோ?"

"மழுங்கினவுடன மாத்திறது. மழுங்கின பிளேடு கையை வெட்டும்."

"அதுதான்," என்றாள் உஷா. "செத்த ஸ்கிரீன் பொய் சொல்லாது. சாகாமல் கிடக்கிறதுதான் பொய் சொல்லும். அது தெரிஞ்சுகொண்டு பிள்ளையைப் பாத்தவள் நான்."

தியாகலிங்கம் வேகத்தைக் கூட்டினார்.

பிள்ளையை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தி, கண்ணைக் கட்டி, நீல விளக்கைப் போட்டிருந்தார்கள். முதல் இரத்தப் பரிசோதனையின் எண் மிக உயரத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறினால் பிள்ளையின் இரத்தத்தையே மாற்ற வேண்டி வரும், அடுத்த பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஸ்வர்ணா பெட்டியின் ஓட்டைக்குள் கைவிட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்தபடி இருந்தாள். அகில் சுவரோரம் குந்தியிருந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை.

உஷா அவனெதிரே போய் நின்றாள்.

"அகில், நான் பிழை விட்டிட்டன். என்ர ஸ்கிரீன் மஞ்சள். அது தெரிஞ்சும் அதில பாத்துத் திங்கக்கிழமை எண்டு சொன்னன். டாக்டரிட்டயும் சொல்லிப்போட்டன்."

அகில் நிமிர்ந்து பார்த்தான். பரவாயில்லை அக்கா என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதான் அக்கா நான் தூங்கினேன்," என்றான். "இவ அப்பவே சொன்னா, ஒரு தடவை தூக்கிட்டுப் போயிரலாம்னு. அக்காவை விட உனக்குத் தெரியுமான்னு திட்டினேன்."

உஷா அப்படியே நின்றாள். உட்காரச் சொல்ல யாரும் இல்லை.

தாழ்வாரத்தில் தியாகலிங்கம் போனில் பேசுவது கேட்டது.

"வசீகரன், உந்த லப்டொப்புக்கு ஒரு ஸ்கிரீன் எடுத்து வையும்."

"…"

"இல்லை. படம் வருகுது. அதுதான் பிரச்சினை."

இரண்டாம் முறை இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை ஊசிக்கு ஒரு சின்னச் சிணுங்கல் சிணுங்கியது, அவ்வளவுதான். மறுமொழி வருகிறவரை அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அக்கா," ஸ்வர்ணா திடீரென்று கூப்பிட்டாள். "கலர் எறங்கியிருக்கா? கொஞ்சம் பாருங்களேன்."

உஷா ஓரடி முன்னால் வைத்துவிட்டு நின்றாள். நீல விளக்கின் கீழே பிள்ளை நீலம், துணி நீலம், ஸ்வர்ணாவின் விரல்களும் நீலம். சின்ன வயதிலிருந்து அவள் நம்பின கண்தான். நாலைந்து மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சட்டென்று ஏதாவது சொல்லியிருப்பாள்.

"என்னைக் கேக்காதேங்கோ தங்கச்சி," என்றாள். "ரத்தம் சொல்லட்டும்."

வைஷாலிதான் கொண்டுவந்தாள். கதவைத் தள்ளும்போதே தலையை ஆட்டினாள். "எறங்க ஆரம்பிச்சிருச்சு. ரத்தம் மாத்த வேண்டாம்ன்றாங்க. காது கேக்குறதைப் பின்னாடி டெஸ்ட் பண்ணுவாங்க, அது முடியட்டும். இப்போதைக்கு நல்லபடியா எறங்குது."

அகில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தான். முதுகு குலுங்கியது. தியாகலிங்கம் போய்ப் பக்கத்தில் குந்தினார். தொழிற்சாலையில் இடைவேளைக்கு உட்காருகிற மாதிரி தோளோடு தோள் உட்கார்ந்தார்.

பெட்டிக்குள் பிள்ளை காலை உதைத்தது. பிறகு வாயைக் கோணி, எல்லாரும் அன்றைக்கெல்லாம் காத்திருந்த அந்தச் சத்தத்தைப் போட்டது. மெலிசான, கோபமான அழுகை. ஸ்வர்ணா குனிந்து நாப்கினின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. உதட்டோரம் மட்டும் வேறு மாதிரி நெளிந்தது.

"அக்கா," என்றாள், "வெளிக்கிட்டுட்டான்."

உஷா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. புது நாப்கின் ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே பெட்டியருகில் போனாள்.